எலுமிச்ச மஞ்ச உல்லன்

இங்க உக்காருங்கம்மா. அந்தப் பக்கம் வெயிலு சுள்ளுனு அடிக்கும், பிள்ளைக்கு ஆகாது. பைய மேல போட்டுட்டு கால நீட்டி உக்காருங்க. இந்த நூலு பாதி சீட்ட அடச்சுக்கிட்டு கெடக்கு, இருங்க, மடியில எடுத்து வச்சுக்கிடுதேன்.

பிள்ளைக்கு எத்தன மாசம்? ஏழா? நெனச்சேன். பாத்த ஒடனே சொல்லிருவேன் நான். எங்க போறிய? திண்டுக்கல்லா. அப்ப ரொம்ப நேரம் கூட வருவிய, நல்லதாப் போச்சு. நான் பாளையங்கோட்டையிலருந்து வாரேன், இந்த ரயிலுலயே கோயம்புத்தூர் வர போறேன். என் தம்பி பிள்ளைக்கு நாளைக்கு மொத கிறிஸ்துமஸ். அதுக்கும் ஏழு மாசந்தான். பாருங்க, கர்த்தர் எப்பிடி உங்கள எனக்கு எதுத்தாப்புல கொண்டாந்து உக்கார வச்சிருக்காருன்னு.

இதுவா? இது குரோஷாம்மா. கொக்கி வச்ச ஒத்த ஊசி, அவ்வளவுதான். சட்ட முடிஞ்சிட்டு, காலுறை ரெண்டும் முடிஞ்சிட்டு. தொப்பி உச்சியில ஒரு குஞ்சம் வைக்கணும், அது ஒண்ணுதான் பாக்கி. கோவில்பட்டியில நீங்க ஏறுததுக்குள்ள முடிச்சிருப்பேன், எதுத்தாப்புல இருந்த ஆளு பேசிப் பேசியே கொன்னுட்டாரு. மனுசங்களுக்கு வாய மூடத் தெரியல.

என் பேரு ஞானப்பூ. பள்ளிக்கூடத்துல தையல் டீச்சரா இருந்தேன், இப்ப ரிட்டயர்டு. எங்க சபையில ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷம் பெறந்த பிள்ளைகள எல்லாம் கிறிஸ்துமஸ் அன்னைக்கு விடியக்கால ஆராதனையில முன்னால தூக்கிட்டு வரணும். போதகரையா ஒவ்வொண்ணு தலையிலயும் கைய வச்சு ஜெபம் பண்ணுவாவ. அந்தப் பிள்ளைக அம்புட்டுக்கும் உடுப்பு நான்தான். செவப்பு உல்லன் சட்ட, வெள்ளக் கரை, காத மூடுத தொப்பி, கணுக்கால் வர காலுறை. யாரும் வந்து கேக்க வேண்டியதில்ல. வயித்துல இருக்குன்னு காதுல விழுந்தாலே நான் நூலு வாங்கிருவேன்.

ஒரு கூத்தக் கேளுங்க. அந்தப் பிள்ளைக முன்னால வந்து நின்ன ஒடனே எல்லாம் சேந்து வீல்னு அழும். வருஷா வருஷம் இதே கதைதான். எங்க போதகரையாவுக்கு வெங்கலத் தொண்ட, அதக் கேட்டுப் பயந்துதான் அழுவுது. புதுசா வந்த டாக்டரம்மா ஒருத்தி, இந்த ஊரு வெக்கையில பிள்ளைகளுக்கு உல்லன் என்னத்துக்கு டீச்சர், உடம்பெல்லாம் வேர்க்குருன்னு சொன்னா. வேர்க்குரு எந்தப் பிள்ளைக்கு இல்ல? பவுடர் போட்டா போயிரும். தாய்மாருக்கு என் உடுப்பு மேல எம்புட்டு மதிப்பு தெரியுமா? ஜெபம் முடிஞ்சு கோயில் வாசலத் தாண்டல, கழத்தி மடிச்சு பையில பத்திரமா வச்சுருதாவ. அழுக்காயிரக் கூடாதுன்னுதான்.

உங்க பிள்ளைக்கு வேர்க்குது பாருங்க. தொடச்சு விடுங்க.

தம்பியச் சொன்னேன்லா. ஜெயசிங்னு பேரு. எங்க அம்மா செத்தப்ப அவன் கைப்பிள்ள, நான் ஒம்பதாங் கிளாஸ். நான்தான் சோறூட்டி, குளிப்பாட்டி, படிக்க வச்சு ஆளாக்குனேன். எனக்கு ஒரு கல்யாணம் கூடி வந்துச்சு. தம்பியக் கூட வச்சுக்கிட முடியாதுன்னு மாப்பிள்ள வீட்டுல சொன்னாவ. அப்ப மாப்பிள்ளையே வேண்டாம்னுட்டேன். சொல்லிக் காட்டுததுக்காகச் சொல்லலம்மா. அவன்கிட்ட ஒரு நாளும் சொல்லிக் காட்டுனதில்ல. பியூலாகிட்டதான் அப்பப்ப சொல்லியிருப்பேன். அவளுக்குத் தெரியணும்லா.

பியூலா அவன் பெஞ்சாதி. நான்தான் பாத்துக் கட்டி வச்சேன். நல்ல பிள்ளதான், குத்தம் சொல்லக் கூடாது. வாயத் தெறக்க மாட்டா, அது ஒண்ணுதான் குற. என்ன கேட்டாலும் 'சரி மைனி'. அதுக்கு மேல ஒரு வார்த்த வராது.

கல்யாணமாகி வருஷம் ஓடிச்சு, ஒண்ணும் தங்கல. நான் நம்பிக்கைய விடல. ஊருப் பிள்ளைகளுக்கு எல்லாம் போடும்போது நம்ம வீட்டுப் பிள்ளைக்கும்னு ஒரு செட்டு போட்டுருவேன். கிறிஸ்துமஸ் மரத்துல நட்சத்திரத்துக்குக் கீழ, எல்லாரு கண்ணுலயும் படுத மாதிரி தொங்க விடுவேன். கேக் சாப்பிட வாரவங்க 'இது யாருக்கு டீச்சர்'னு கேப்பாவ. 'ஆளு வந்துக்கிட்டு இருக்கு'ம்பேன். விசுவாசம்னா அப்பிடித்தான இருக்கணும்? எல்லாரும் திரும்பி பியூலாவத் தேடுவாவ. அவ அடுக்களையிலதான் நிப்பா. வாரவங்களுக்கு முகங்காட்டக் கூட வர மாட்டா. அம்புட்டு வேலக்காரி.

பொறவு ஒரு வருஷம் கர்த்தர் கண்ணத் தெறந்தாரு. அந்த ஒரு வருஷந்தான்மா எங்க வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டுது. தம்பி சாயந்தரமானா பூவும் பலகாரமுமா வருவான். அவ எதையாவது சொல்லுவா, ரெண்டு பேரும் அறைக்குள்ள சிரிப்பாவ. என்ன சொன்னான்னு நான் போய்க் கேப்பேன். 'ஒண்ணுமில்ல மைனி'ம்பா.

ஒரு நா டவுனுக்குப் போயிட்டு வந்து என் மடியில ஒரு பொட்டலத்த வச்சா. பாத்தா மஞ்ச உல்லன். நல்லாப் பழுத்த எலுமிச்சம்பழம் இருக்கும்லா, அந்த மஞ்ச. 'மைனி, நம்ம பிள்ளைக்கு செவப்பு வேண்டாம். இதுல போடுங்க'ன்னா. எனக்கு ஒப்பல. கிறிஸ்துமஸுக்கு எவளாவது மஞ்ச போடுவாளா? ஆனா இத்தன வருஷத்துல அவ வாயத் தெறந்து என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். சரின்னுட்டேன். ஆமா, இதே மஞ்சதான். இந்தா என் மடியில கெடக்குத இதே நூலுதான். அதத்தான் சொல்ல வாரேன்.

அவளும் பக்கத்துல வந்து உக்காந்தா. 'எனக்கும் சொல்லிக் குடுங்க'ன்னா. ஊசி பிடிக்கத் தெரியாது. நூல இறுக்கி இழுத்துருவா. கண்ணிய எண்ணுனா நடுவுல விட்டுருவா. எங்கிட்ட படிச்ச நாலாங் கிளாஸ் பிள்ளைக கூட தேவல. ஒரே ஒரு காலுறை, இடது காலுக்கு, அத மட்டும் அவளே போட்டா. பிரிச்சுப் பிரிச்சு, போட்டுப் போட்டு, நாளெல்லாம் அதுவே வேலையா உக்காந்திருந்தா. முடிச்சப்ப அது ஒரு பக்கமா கோணிக்கிட்டு நிக்குது. கொண்டா, திருத்திப் போட்டுத் தாரேன்னேன். குடுக்க மாட்டேன்னுட்டா. உள்ளங்கையில வச்சு, உள்ள ரெண்டு வெரல விட்டு நடக்க விட்டுக்கிட்டு இருக்கா, மேசையில இப்பிடி, தத்தக்கா பித்தக்கான்னு. சின்னப் பிள்ள மாதிரி.

விருதுநகரா இது? வண்டி நிக்கட்டும். பால் குடுக்கணும்னா குடுங்க, நான் முந்தானையால மறச்சுக்கிடுதேன். வேண்டாமா? சரி.

டிசம்பர் பெறந்துச்சு. ஒரு நா பிள்ள அசையலன்னு தம்பி அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். மறுநா காலையில போன் வந்துச்சு. பொம்பளப் பிள்ள. வயித்துக்குள்ளயே போயிட்டு.

நான் அழுதேம்மா. தனியா அந்த வீட்டுல மாரடிச்சுக்கிட்டு அழுதேன். அழுது முடிச்சுப் பாத்தா, மேசை மேல அந்த மஞ்ச செட்டு விரிச்சுக் கெடக்கு. சட்டையும் தொப்பியும் காலுறையும், பிள்ள மல்லாக்கப் படுத்திருக்குத மாதிரியே. பெத்தவ வந்து பாத்தா தாங்குவாளா? நீங்களா இருந்தா என்ன செய்விய, சொல்லுங்க. நான் உக்காந்து எல்லாத்தயும் பிரிச்சுட்டேன். குரோஷாவுல அது ஒரு சௌகரியம். கடைசி முடிச்ச அவுத்து நுனியப் பிடிச்சு இழுத்தா மடமடன்னு வந்துரும். மாசக்கணக்குல போட்டது மத்தியானத்துக்குள்ள உருண்டையாயிட்டு.

முடிச்சு கைய ஒதறுதேன், ஜெயசிங் போன் பண்ணுதான். 'அக்கா, அந்த மஞ்ச உடுப்ப எடுத்துட்டு வா. பாப்பாவ அதப் போட்டுத்தான் அடக்கம் பண்ணணும்னு பியூலா சொல்லுதா'ன்னான். பிரிச்சுட்டனேடான்னேன். அவன் போன வச்சிட்டான். ஆஸ்பத்திரித் துணியில சுத்திக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போனாவ. எனக்கு எப்பிடித் தெரியும்? முன்கூட்டியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்து வச்சிருக்க மாட்டேனா?

பிரிச்ச நூலு அப்பிடியே ஆகாது பாத்துக்கிடுங்க. சுருட்ட முடி கணக்கா நெளிநெளியா நிக்கும், பழைய கண்ணி எங்க இருந்துச்சுன்னு அதுக்கு ஞாபகம் இருக்கும். வெந்நியில முக்கி, கொடியில மாலையாத் தொங்கவிட்டு, கீழ கனத்துக்கு ஒரு பூட்டக் கட்டி விட்டுரணும். காஞ்ச பொறவு எடுத்தா புது நூலு தோத்துப் போவும். அப்பிடித் தொங்க விட்டிருக்கையிலதான் அவள ஆட்டோவுல கூட்டிட்டு வந்தான். முத்தத்துல இறங்கி நின்னு கொடியப் பாத்தா.

'மைனி, நான் போட்ட காலுறை எங்க?'ன்னா.

நான் கொடியக் காட்டுனேன். 'அதுலதான் எங்கயோ இருக்கும்மா'ன்னேன். உண்மையத்தான சொன்னேன்? எல்லாம் ஒரே நூலு, இது சட்ட, இது காலுறைன்னு பிரிச்சுக் காட்ட முடியுமா? அவ உள்ள போயிப் படுத்துக்கிட்டா. நான் ரசம் வச்சுக் குடுத்தேன். குடிக்கல.

எங்க கோயில்ல மணி அடிக்கவரு வீட்டுல அப்பதான் ஒரு பையன் பெறந்திருந்தான். கிறிஸ்துமஸ் நெருங்கிட்டு, செவப்பு நூலு தீந்து போச்சு, கடையிலயும் இல்ல. ஊருப் பிள்ள எல்லாம் உல்லன்ல வரும்போது அந்த ஏழப் பிள்ள மட்டும் வெறுஞ் சட்டையில நின்னா நல்லாருக்குமா? கையில காஞ்ச நூலு இருக்கு. போட்டுக் குடுத்தேன். சும்மா கெடந்த நூலுதான, அது என்ன பாவம் செஞ்சுது?

அன்னைக்கு அவ ஆராதனைக்கு வர மாட்டேன்னுதான் சொன்னா. நான்தான், கர்த்தர் சமூகத்துக்கு வந்தா மனசு ஆறும்னு பிடிச்சு இழுத்துட்டுப் போயி முன் பெஞ்சுல உக்கார வச்சேன். பிள்ளைக எல்லாம் வந்து நின்னுது. செவப்பு, செவப்பு, செவப்பு, நடுவுல ஒண்ணு மஞ்ச. ஜெபத்துக்கு எல்லாரும் கண்ண மூடிட்டாவ. பியூலா எந்திரிச்சா. சத்தம் போடல, அழல. பெஞ்சுக்கு நடுவுல நடந்து வெளிய போயிட்டா. தம்பியும் பின்னாலயே போயிட்டான். எனக்கு மானமே போச்சு. ஆமென் சொல்லிக் கண்ணத் தெறந்த சனம் எல்லாம் என்னத்தான் பாக்குது. வீட்டுல வச்ச பிரியாணி வச்சபடியே கெடந்துச்சு.

பொங்கலுக்கு முன்னால மாத்தல் வாங்கிட்டுக் கோயம்புத்தூர் போயிட்டான். போகும்போது என் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னான். 'அக்கா, நீ வேணும்னு செய்யல. எனக்குத் தெரியும். ஆனா அவளால இந்த வீட்டுல இருக்க முடியாது'ன்னான். நான் வேணும்னு என்ன செஞ்சேன், வேண்டாம்னு என்ன செஞ்சேன்? எனக்கு ஒண்ணும் ஓடல. அப்ப போனவன்தான். மொதல்ல ஞாயித்துக்கிழமதோறும் பேசுனான். பொறவு பண்டிகைக்குப் பேசுனான். பொறவு நம்பர மாத்திட்டான்.

நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய. கேட்டுக்கிட்டுதான இருக்கிய?

பிள்ள பெறந்தது எனக்குத் தெரியாதும்மா. எங்க போதகரம்மா செல்லுல ஞானஸ்நானப் போட்டோ வந்திருக்கு, அவிய எனக்குக் காட்டல. நானா எட்டிப் பாத்தேன். இந்தா, பாருங்க, கெஞ்சி வாங்கி வச்சிருக்கேன். இவன்தான் ஜெயசிங், மெலிஞ்சுட்டான். இது பியூலா. சிரிக்கா பாருங்க, பல்லு தெரிய. எங்க வீட்டுல இருந்தப்ப இப்பிடி ஒரு போட்டோ கெடையாது. இந்தா, பிள்ள. பொம்பளப் பிள்ளதான். வெறும் பருத்திச் சட்டையப் போட்டுத் தூக்கிட்டுப் போயிருக்காவ, ஞானஸ்நானத்துக்கு. போட்டுக் குடுக்க நான் இல்லாமயா போயிட்டேன்? பேரா? பேரு தெரியாது. போதகரம்மாவுக்கும் மாசக் கணக்கு மட்டுந்தான் தெரிஞ்சுது.

அப்பதான் எனக்கு இது தோணிச்சு. மணி அடிக்கவரு வீட்டுக்குப் போயி அந்த மஞ்ச உடுப்பத் திருப்பிக் கேட்டேன். அந்தப் பையன் வளந்து ஓடுதான். அவன் அம்மா மறுபேச்சுப் பேசாம எடுத்துக் குடுத்துட்டா. புதுசாட்டம் இருக்கு, அன்னைக்குப் போட்டதோட சரி போலுக்கு. திரும்பப் பிரிச்சேன். வெந்நியில முக்கி, கொடியில போட்டு, பூட்டக் கட்டித் தொங்க விட்டேன். அவ வாங்குன நூலு. அவ கேட்ட கலரு. அவ கையால போட்ட காலுறையும் இதுக்குள்ளதான் இருக்கு. இதப் பாத்தா அவ என்ன செய்வா, சொல்லுங்க. அழுதுருவா. 'மைனி, மறக்காம வச்சிருந்தீங்களே'ன்னு கையப் பிடிச்சுக்கிடுவா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு நான் உடுப்பு மாட்டணும். ஒரு தரம். அத்தைன்னு ஒருத்தி இருக்கான்னு அதுக்குத் தெரியணும்.

வீடு எங்கன்னு தெரியாது. புது நம்பர அங்க இங்க கேட்டு வாங்கிப் பேசுனேன். 'அக்கா, நல்லா இருக்கியா'ன்னான். குரலக் கேட்டதும் எனக்கு அழுக வந்துட்டு. கிறிஸ்துமஸுக்கு வாரேன்டான்னேன். 'வராதக்கா. அவ இப்பதான் சிரிக்கா. தயவு செஞ்சு வராத'ன்னான். நான் வந்தா இன்னும் சிரிப்பாளேன்னேன். வச்சிட்டான். அதுக்குப் பொறவு அந்த நம்பரும் கெடைக்கல. அவ பக்கத்துல நின்னிருப்பா, அதான் அப்பிடிப் பேசியிருக்கான். அவனாப் பேசுனா அப்பிடிப் பேச மாட்டான்.

ஆனா போட்டோவுல பின்னால கோயில் பேரு தெரியுது பாருங்க, பலகையில. கிறிஸ்துமஸ் அன்னைக்குக் கோயிலுக்கு வராம எங்க போயிருவாவ? விடியறதுக்கு முன்னாலயே போயி வாசல்ல நின்னுக்கிடுவேன். வருவாவ. வராம இருக்க மாட்டாவ. வேற கோயிலுக்குப் போயிட்டாவன்னா? அத நான் நெனைக்கல. நெனச்சா நான் எங்க போவேன்? வீட்டுல இந்த வருஷம் மரம் கூட வைக்கல. நம்ம சபையில பருத்திச் சட்டையே போதும்னு சொல்லிட்டாவ, ஒரு தாய் என்கிட்ட உடுப்பு வாங்கல. மரத்துல தொங்கவிட்ட செட்டு எல்லாம் அலமாரியில அடுக்கி இருக்கு, ஒண்ணுல கூட ஒரு பிள்ள கை நொழையல. சாயந்தரம் கதவச் சாத்துனா மறுநா பால்காரர்தான் மனுசக் குரலு. தம்பிய விட்டா எனக்கு யாருமில்லம்மா. அவனும் இல்ல.

சரி, அத விடுங்க. இந்தா, குஞ்சமும் வச்சாச்சு. ஒரு உதவி செய்யணும் நீங்க. பிள்ளைய நேர்ல பாத்து அளவெடுக்கலலா. போட்டோவுல ஜெயசிங் கை பிள்ள நெஞ்சு மேல இருக்கு பாத்தியளா? அவன் கை எனக்குத் தெரியாதா? அந்த உள்ளங்கைய வச்சுத்தான் நெஞ்சளவு கணக்குப் போட்டேன். ஆனாலும் ஒரு சந்தேகம். உங்க பிள்ளைக்கும் அதே ஏழு மாசம். ஒரு தரம் போட்டுப் பாத்துருவோம். கைய மட்டும் இப்பிடி நீட்டச் சொல்லுங்க. வா தங்கம், அத்தைட்ட வா.

ஏம்மா, பிள்ளைய ஏன் அந்தப் பக்கம் திருப்புதிய? சுத்தமான நூலும்மா. ரெண்டு தரம் வெந்நியில முக்கி எடுத்தது. ஒரு நிமிசந்தான். தொப்பி மட்டும்? சரி, தொப்பி வேண்டாம், காலுறை. இடது காலுக்கு மட்டும்.

தூங்கப் போவுதா. கண்ண முழிச்சுக்கிட்டுதான இருக்கு.

என்ன, பைய எடுக்கிய? இது மதுரைம்மா. திண்டுக்கல்லுன்னுதான சொன்னிய? இன்னும் நேரம் கெடக்கு, உக்காருங்க. இங்க இறங்கி பஸ்ஸுல போறியளா. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு பஸ்ஸுலயா. சரி. உங்க இஷ்டம். நூலு கால்ல மாட்டிருச்சு, இருங்க, எடுத்து விடுதேன். பாத்து இறங்குங்க. வெயிலு, பிள்ள தலைய மறச்சுக்கிடுங்க.

ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. தூரத்துலருந்து பாத்தா எப்பிடித் தெரியுது, சட்ட சின்னதாத் தெரியுதா?

சின்னதுதான். எனக்கும் அப்பிடித்தான் தோணுது. பிரிச்சுப் போட்டுற வேண்டியதுதான். கோயம்புத்தூர் வர நேரம் இருக்கு, இழுத்தா வந்துரும்.